கதவுக்காரரும் ஒரு செங்கல்லும்

அவர் விடுப்பில் வந்திருக்கும் நாட்களில் வீட்டின் ஐந்து கதவுகளும் மூடியே இருக்கும். சமையலறையிலிருந்து இரண்டு கையிலும் தட்டோடு வரும் மனைவி தோளால் கதவை இடித்துத் தள்ள வேண்டும். மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் அவளுடைய அறை தாழிடப்பட்டிருக்கும். விருந்தாளி செருப்பைக் கழற்றி உள்ளே காலை வைத்ததுமே, முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு ‘டப்’ என்று சாத்தப்படும். இனி எப்போது வெளியே விடுவார்களோ என்ற யோசனையுடன்தான் அந்த விருந்தாளி நாற்காலியில் உட்காருவார். ஓயாமல் கதவு சாத்தும் சத்தம் கேட்பதால், இந்தக் குடும்பத்தில் ஏதோ பெரிய சண்டை என்று பக்கத்து வீட்டார் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். சண்டை உண்மைதான். ஆனால் அது கதவைப் பற்றியது மட்டுமே.

“வீட்டுக்குள்ள கடல் வராதுங்க” என்பார் மனைவி.

“வராதுன்னு கடல் உன்கிட்ட எழுதிக் குடுத்துச்சா?” என்பார் அவர். அதோடு பேச்சும் சாத்தப்படும்.

கடற்படையில் அவருக்கு வேலை, கப்பலில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்வது. புகுந்துவிட்டால் அது அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பதும் அவர் வேலைதான். வளையும் இரும்புச் சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுப்பார், முட்டின் தலையில் ஆப்பு வைத்து அடித்து இறுக்குவார், எல்லாவற்றுக்கும் முன்னால் கதவை மூடுவார். கடந்து வந்த கதவை மூடாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது, கதவு வழியில் ஒரு துரும்புகூடக் கிடக்கக் கூடாது என்பது அவருடைய பிரிவின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ காற்றுக்காகத் திறந்து வைத்த ஒரு கதவின் புண்ணியத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று முட்டுக் கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து அந்தச் சட்டம் அவருடைய மண்டையை விட்டு இறங்கிக் காலுக்கும் கைக்கும் போய்விட்டது. அவர் மூடுவதில்லை, அவருடைய கை மூடிவிடும். கப்பலில் அவருக்குப் பெயரே கதவுக்காரர்தான். கடலைக் கொஞ்சமும் நம்பாத மனிதர் அந்தக் கப்பலில் அவர் ஒருவரே. அவரை நம்பித்தான் மற்ற எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நிலநடுக்கச் செய்தி வந்தபோது கப்பல் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டில் ஒரு துறைமுக நகரம் பாதி சரிந்துவிட்டது, பக்கத்தில் இருப்பது நீங்கள்தான், போங்கள் என்று உத்தரவு. கப்பல் மூக்கைத் திருப்பியது. தொலைபேசியில் மனைவியிடம் சொன்னார். மனைவி ஏற்கெனவே தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“பூமி ஆடுற ஊருக்குப் போறீங்க. அங்கேயாவது கதவத் திறந்து வைங்க. கதவு இறுகிப் போய்த்தான் பாதிப்பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்களாம்.”

“சரி” என்றார். எத்தனையோ விஷயங்களுக்குக் கணவன்மார்கள் சொல்லும் அதே சரி.

கரையில் இறங்கி லாரியில் போனபோது மற்றவர்கள் இடிபாடுகளைப் பார்த்தார்கள். அவர் கதவுகளைப் பார்த்தார். அந்த ஊரில் ஒரு கதவுகூட மூடியிருக்கவில்லை. நின்றுகொண்டிருந்த வீடுகளிலெல்லாம் வாசல் கதவுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் கருங்கல், ஒரு வீட்டில் தையல் இயந்திரம், ஒரு வங்கியின் கண்ணாடிக் கதவுக்கு மேலாளருடைய சுழல் நாற்காலி. ஒரு தெருவில் கதவுகளைக் கழற்றி நடுவீதியில் போட்டு அதன்மேல் படுத்திருந்தார்கள். கப்பலாக இருந்தால் இந்த ஊர் எப்போதோ மூழ்கியிருக்கும் என்று அவர் முணுமுணுத்தார். அருகில் உட்கார்ந்திருந்த சமையல்காரர், “மூழ்கத்தான் செஞ்சிருக்கு அண்ணே, தண்ணி இல்லாம” என்றார்.

சமையல்காரர் வந்ததற்குக் காரணம் அவருடைய பன்மொழிப் புலமை. பல வருடங்களாக அந்தத் துறைமுகத்தில் இறங்கிக் காய்கறி வாங்கியவர் அவர். எனவே அந்த நாட்டு மொழியில் வெங்காயம், அழுகல், அநியாய விலை, நாளைக்கு வா, இன்னும் கொஞ்சம் போடு ஆகியவற்றைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் பேசுவார். கப்பலில் வேறு யாருக்கும் அந்த அளவுகூட வராததால் அவர் மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

மருத்துவமனை நான்கு மாடி. இடிந்துவிடவில்லை. இடியலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நோயாளிகளை எதிரே இருந்த விளையாட்டு மைதானத்தில் கூடாரம் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். புழுதியை விழுங்கி நுரையீரல் கெட்டவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. கப்பல் கொண்டுவந்த சிலிண்டர்களும் சேர்ந்தே தீர்ந்துகொண்டிருந்தன. அடுத்த கப்பல் மறுநாள்தான் வரும். நிரப்பிய சிலிண்டர்கள் மருத்துவமனையின் நிலவறைக் கிடங்கில் நிறைய இருந்தன. அவற்றுக்கு மேல் நான்கு மாடி.

கிடங்கின் பொறுப்பாளர் ஒரு பெண்மணி. இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைப் பார்த்து மாலுமிகள் அவருக்கு வைத்த பெயர் சாவியம்மா. கூடாரத்தில் மூன்றாவது கட்டிலில் கிடந்த கிழவரைக் காட்டி, தன் விரலில் இருந்த மோதிரத்தைத் தொட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் என்பதும், நல்ல மாமனார் இல்லை என்பதும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. கிழவருடைய மூச்சு முகமூடிக்குள் சீழ்க்கை அடித்தது. அவருடைய சிலிண்டரின் அளவுமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாவியம்மா அந்த முள்ளைக் காட்டினார், மருத்துவமனையைக் காட்டினார், முன்னால் நடந்தார். வாழ்நாள் முழுக்கத் தன்னைத் திட்டிய மனிதருக்காக அந்தக் கட்டடத்துக்குள் போகப் போகிறவர் அவர்தான். கிழவரோ அப்போதும் கண்ணைத் திறந்து அவரை முறைத்தாராம். சமையல்காரர் சத்தியம் செய்தார்.

காலை முழுவதும் நிலவறைக்கு இறங்கும் படியில் விழுந்து கிடந்த இடிபாட்டை அகற்றினார்கள். மதியம் தாண்டி வழி கிடைத்தது. அவர்களை நடத்திவந்த இளம் லெப்டினன்ட் ஏற்பாட்டைச் சொன்னார். படிகளில் மாலுமிகள் வரிசையாக நிற்க வேண்டும். கிடங்குக்குள் மூன்று பேர் மட்டும் போக வேண்டும். சிலிண்டர் கைமாறிக் கைமாறி மேலே வர வேண்டும். உள்ளே போகும் மூவர் சாவியம்மா, சமையல்காரர், கதவுக்காரர்.

கிடங்குக்குக் கனமான இரும்புக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது. சாவியம்மா அதைத் திறந்ததும் முதல் வேலையாக, கையோடு கொண்டுவந்திருந்த ஒரு செங்கல்லைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை காலால் தட்டி, அது உறுதியாக நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனார். பின்னால் சமையல்காரர் போனார். கடைசியாக, ஆப்புகளும் சுத்தியலும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்காரர் போனார்.

அவருடைய கண் மேலே கூரையில் ஓடிய விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் கீழே, கதவு வழியில் ஏதோ கிடப்பதை உணர்ந்தது. கதவு வழியில் ஒரு துரும்புகூடக் கிடக்கக் கூடாது. கால் அதை உள்ளே தள்ளியது. கை பின்னால் போய்க் கதவைத் தள்ளிச் சாத்தியது, கைப்பிடியைக் கீழே இறக்கியது. பல வருடமாகச் செய்துவந்த வேலையைக் காலும் கையும் கச்சிதமாகச் செய்து முடித்தன. சொந்தக்காரருக்குத் தகவல் இல்லை.

சத்தம் கேட்டுச் சாவியம்மா திரும்பினார். டார்ச் வெளிச்சம் முதலில் மூடிய கதவில் விழுந்தது, பிறகு தரையில் தனியாகக் கிடந்த செங்கல்லில், கடைசியாகக் கதவுக்காரருடைய முகத்தில். சாவியம்மா வாயைத் திறப்பதற்குள் பூமி மறுபடி ஆடியது.

பெரிய ஆட்டம் இல்லை என்று மேலே மைதானத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். கீழே அது போதுமானதாக இருந்தது. சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதிப் பாத்திரக்கடைபோல் இரைந்தன. ஒன்று விழுந்து அதன் தலை உடைந்தால், உள்ளே அடைபட்ட அழுத்தத்தில் ராக்கெட்டாகப் பாயும். மூன்று பேரும் அதை அறிந்தவர்கள். யாரும் யாரிடமும் சொல்லாமல் மூவரும் சிலிண்டர் வரிசையின்மேல் சாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் நின்றபோது சமையல்காரர் ஒரு சிலிண்டரை முத்தமிடும் நிலையில் இருந்தார். மேலே எங்கோ ஒரு சுவர் நிதானமாக விழுந்து முடிந்தது. புழுதி அடங்கியதும் கதவுக்காரர் போய்க் கைப்பிடியைத் தூக்கினார். கைப்பிடி எழும்பியது. கதவு அசையவில்லை. கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரமான லிண்டல் இறங்கி, நிலைச்சட்டத்தை நசுக்கி, கதவின் தலையில் உட்கார்ந்திருந்தது.

சாவியம்மா கத்தவில்லை. செங்கல்லைக் காட்டினார். கதவுக்காரருடைய காலைக் காட்டினார். தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“என்ன சொல்றாங்க?”

“அழுகல்னு சொல்றாங்க அண்ணே” என்றார் சமையல்காரர். “கத்திரிக்காய்க்குத்தான் இது வரைக்கும் கேட்டிருக்கேன். மனுஷனுக்கும் சொல்லலாம் போல.”

மூடியது தான்தானா என்றுகூடக் கதவுக்காரருக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகப்படுவதற்கு அங்கே நான்காவது ஆள் யாரும் இல்லாததால் அதை விட்டுவிட்டார்.

கதவுக்கு வெளியே பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. லெப்டினன்டின் குரல் தெளிவாக வந்தது. எல்லாருமாகச் சேர்ந்து கதவை உள்ளே இடித்துத் தள்ளப் போகிறார்களாம்.

“தொடாதீங்க சார்” என்று கதவுக்காரர் கதவில் வாயை வைத்துச் சொன்னார். “லிண்டல இந்தக் கதவுதான் தாங்கிட்டு இருக்கு. கதவு விழுந்தா எல்லாம் விழும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்ற கேள்வி வெளியிலிருந்து வந்தது. கூடவே யாரோ, மூன்றாம் கட்டில்காரருக்கு இருப்பதில் கடைசிச் சிலிண்டரை மாட்டிவிட்டார்கள், அதுவும் பாதிதான் என்றார்கள். சாவியம்மாவுக்கு மொழி புரியவில்லை. குரல் புரிந்தது. டார்ச்சைக் கதவுக்காரர் பக்கம் திருப்பினார்.

வேலை என்னவென்று கதவுக்காரருக்குத் தெரிந்தது. கதவின் தலையில் இருக்கும் பாரத்தை ஒரு முட்டுக்கு மாற்ற வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பது என்பதால் கீல்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பாரத்தை மாற்றிவிட்டுக் கீல் ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டால் கைப்பிடிப் பக்கம் திறக்க மறுக்கும் கதவு கீல் பக்கம் திறக்கும். ஆனால் முட்டுக்கு மரம் வேண்டும். மரம் எல்லாம் வெளியே, படிகளில், அதை எடுத்துத் தர ஆசையாக நின்ற மாலுமிகளோடு இருந்தது. உள்ளே இருந்தவை சிலிண்டர்களும் மருந்துப் பெட்டிகளின் கட்டைப் பலகைகளும்தான்.

சிலிண்டர் நல்ல உருக்கு. காலி சிலிண்டர் என்றால் தூண் மாதிரி. நிரப்பியது என்றால் குண்டு மாதிரி. அவர் ஒரு சிலிண்டரைக் கட்டிப்பிடித்து, அதன் தலையில் கையை அழுத்தி லிண்டலைக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். சாவியம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரின் முனையால் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். மந்தமாக ஒலித்தவற்றைத் தாண்டினார். ஒன்று மணிபோல் கணீரென்றது. அதன் வாயைத் திருகித் திறந்து காட்டினார். சத்தம் வரவில்லை. காலி.

கைப்பிடிப் பக்கமாக, லிண்டலுக்கு நேர் கீழே பலகைகளை அடுக்கி, அதன்மேல் சிலிண்டரை நிறுத்தி, அதன் இரும்பு மூடிக்கும் லிண்டலுக்கும் நடுவே இன்னொரு பலகையைக் கொடுத்து, இரண்டு ஆப்புகளை எதிரும் புதிருமாகச் செருகினார். சமையல்காரர் மேல் கீலின் ஆணியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டார். கதவின்மேல் பாரம் இருக்கும்வரை அந்த ஆணி அசையாது, அசைந்தால் உடனே சொல் என்பது கட்டளை. சாவியம்மா கூரை விரிசலில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“ஏற்கெனவே ஒரு ஆப்பு வச்சிட்டீங்க, இது எத்தனாவது?” என்றார் சமையல்காரர். யாரும் சிரிக்கவில்லை, சொன்னவரும்தான்.

கதவுக்காரர் அடிக்கத் தொடங்கினார். ஒரு அடி, ஒரு நிறுத்தம். லிண்டலிலிருந்து காரை உதிர்ந்து அவர் கண்ணில் விழுந்தது. ஒரு அடி. விரிசலிலிருந்து புழுதிக் கோடு ஒன்று இறங்கியது. சாவியம்மாவின் டார்ச் அந்தக் கோட்டைத் தரைவரை பின்தொடர்ந்து, மறுபடி மேலே போனது. ஒரு அடி. ஆணி அசையவில்லை என்றார் சமையல்காரர். இன்னொரு அடிக்கு, லேசா முனகுது, ஆனா அசையல என்றார்.

இங்கே ஒரு சங்கடம் இருந்தது. கப்பலில் ஆப்பை எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. சுத்தியல் பட்டதும் மரம் பாடும்வரை அடிக்க வேண்டும். இரும்புச் சுவர் வளைந்து கொடுக்கும், கப்பல் ஆடும், ஆப்பு தளரும், மறுபடி அடித்து இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உயிர். விரிசல் விட்ட செங்கல் சுவர் வளைந்து கொடுக்காது. தேவைக்கு மேல் ஓர் அடி விழுந்தால் லிண்டல் மேலே எழும்பும், அதன்மேல் நிற்கும் சுவர் பிளக்கும். கதவுக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். படிகளில் நின்ற ஆட்களுக்கு அன்று காலையில்தான் இதைப் பற்றி விளக்கமாக ஒரு பிரசங்கம் செய்திருந்தார். ஆனால் கதவை மூடக் கூடாது என்பதும்கூட அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

“அசையுது அண்ணே” என்றார் சமையல்காரர்.

அந்த நொடியில் ஆப்பு மெல்லிசாகப் பாட ஆரம்பித்திருந்தது. இன்னும் ஓர் அடி விழுந்தால் முழுக் குரலில் பாடும். சுத்தியல் மேலே போய்விட்டது. போனதை அவர் பிறகுதான் தெரிந்துகொண்டார், ஏனென்றால் அது இறங்கவில்லை. சாவியம்மா டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சிலிண்டர் உருட்டிப் பழகிய கைகள். இருட்டில் மூவரின் மூச்சும் கேட்டது. தலைக்கு மேலே எதுவோ ஒரு முறை உறுமியது, யோசித்தது, அடங்கியது.

“போதும்” என்று கதவுக்காரர் சொன்னார், தன் கையிடம். சுத்தியலை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டார்.

சமையல்காரர் டார்ச்சைத் தேடி எடுத்துப் பிடிக்க, கீல் ஆணிகளைத் தட்டி எடுத்தது சாவியம்மாதான். ஸ்பேனரின் முனையை அடியில் வைத்துச் சுத்தியலால் மேல்நோக்கி, குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினார். மேல் ஆணி வந்தது. கீழ் ஆணி பாதியில் நின்று எல்லாரையும் கெஞ்சவைத்து வந்தது. கதவின் கீல் பக்கம் ஒரு முழம் உள்ளே நகர்ந்தது. அந்த இடைவெளியில் லெப்டினன்டின் முகம், சுண்ணாம்பு அடித்ததுபோல், தெரிந்தது.

“வெளியே வாங்க, சீக்கிரம்” என்றார் அவர்.

சாவியம்மா வெளியே போகவில்லை. மந்தமாக ஒலித்த சிலிண்டர் ஒன்றைச் சாய்த்து, உருட்டிக்கொண்டு வந்து, இடைவெளிக்குள் நீட்டினார். லெப்டினன்ட் கதவுக்காரரைப் பார்த்தார். கதவுக்காரர் அடுத்த சிலிண்டரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் லெப்டினன்ட் முதல் சிலிண்டரை வாங்கிப் பின்னால் கொடுத்தார். வரிசை நகர்ந்தது. முட்டாக நின்ற காலி சிலிண்டரை யாரும் உரசிவிடாமல், நிரப்பியவை ஒவ்வொன்றாக அதைக் கடந்து போயின. நிரப்பியது தீர்ந்ததும் சமையல்காரர் வெளியேறினார், பிறகு கதவுக்காரர். கடைசியாக வந்த சாவியம்மாவின் கையில் அந்தச் செங்கல் இருந்தது.

கூடாரத்தில் கிழவருடைய உதடு நீலமாகியிருந்தது. சிலிண்டரை மாட்டி, முள் எழும்பி, உதடு மெதுவாகப் பழைய நிறத்துக்கு வரும்வரை சாவியம்மா கட்டில் அருகிலேயே நின்றார். சாயங்காலம் கிழவருக்குப் பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியத்தைச் சமையல்காரர் ஒரு தாதியின் உதவியோடு மொழிபெயர்த்தார். கூடாரத்தில் காற்று வீசுகிறதாம், யாராவது கதவைச் சாத்தக் கூடாதா என்று கேட்டாராம்.

மறுநாள் காலை இன்னொரு ஆட்டத்தில் கிடங்கு இருந்த பக்கம் முழுவதும் உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்வையிட்ட பொறியாளர் ஒரு கணக்குச் சொன்னார். முதல் நாள் அந்தக் கதவு திறந்திருந்தால் லிண்டல் நேரே தரைக்கு வந்திருக்கும், வழி அப்போதே அடைபட்டிருக்கும், மூடியிருந்த இரும்புக் கதவுதான் அதைத் தாங்கியது என்றார். லெப்டினன்டுக்கு மிகவும் சந்தோஷம். சமயோசிதமாகக் கதவை மூடினீர்கள் என்று எல்லார் முன்னிலையிலும் கதவுக்காரரின் கையைக் குலுக்கினார்.

“நான் மூடல சார், பழக்கம்” என்றார் அவர்.

தன்னடக்கம் என்று அதையும் பாராட்டினார் லெப்டினன்ட். பாராட்டை மறுக்கவும் வழியில்லை, வாங்கிக்கொள்ளவும் மனமில்லை. திறந்து வைத்தவர் செய்தது சரி, மூடியவர் செய்தது தப்பு. தப்புதான் காப்பாற்றியது. இதை எந்தப் பக்கமாகப் பிடித்துத் தூக்கினாலும் அவருக்கு வழுக்கியது.

கப்பல் புறப்படும் நாளில் சாவியம்மா துறைமுகத்துக்கு வந்தார். பச்சை ஆஸ்பத்திரித் துணியில் எதையோ சுற்றிக் கதவுக்காரர் கையில் வைத்தார். கனத்தது. பிரித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. அந்த அம்மாள் ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் அழுகல் என்ற சொல் இருந்ததா என்று பிறகு கேட்டதற்கு, இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார், காய்கறிக் கடையில் சிரித்துக்கொண்டு சொன்னால் விலை குறைக்கிறார்கள் என்று அர்த்தம் என்றார் சமையல்காரர்.

கடலில் செங்கல்லைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஆடும் கப்பலில் கட்டாத பொருள் இருக்கக் கூடாது.

வீட்டில் அவர் கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னார். சமையல்காரர் மறுவாரம் வந்து விரிவாகச் சொன்னார், முத்தமிட்ட சிலிண்டரை மட்டும் விட்டுவிட்டு. மனைவி எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். சிரிக்கவில்லை. எழுந்து போய், அலமாரிமேல் வைத்திருந்த செங்கல்லை எடுத்துவந்து, சமையலறைக் கதவைத் திறந்து, நிலைக்குப் பக்கத்தில் வைத்தார். உறுதியாக நிற்கிறதா என்று காலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“அந்தம்மா உங்கள மன்னிச்சாங்களா, திட்டினாங்களா?”

“தெரியல. அவங்க பாஷையில எனக்கு வெங்காயம்கூடத் தெரியாது.”

காப்பி டம்ளரைக் கொண்டுபோய் வைக்க அவர் சமையலறைக்குள் போனார். செங்கல் அருகில் வந்ததும் கால் தானாக ஒரு பக்கம் நீண்டது. மனைவியும் சமையல்காரரும் பேச்சை நிறுத்தினார்கள். கால் அங்கேயே நின்றது. பிறகு, கப்பலின் உயரமான நிலைப்படியைத் தாண்டுவதுபோல, காலை முழங்கால் மட்டத்துக்குத் தூக்கி, செங்கல்லைத் தாண்டி உள்ளே போனார். கை பின்னால் வந்து கதவைத் தொட்டது, தொட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது.

கதவு திறந்திருந்ததால் கூடத்தில் இருந்தவர்களுக்கு அது நன்றாகவே கேட்டது.